அடுப்பு எரியாத நாளுக்கு அவல்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, டெல்டா கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கொட்டிய மழை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் வடியவில்லை. இப்படிப்பட்ட நாளில் முதலில் வீணாவது ஃபிரிட்ஜில் இருக்கும் இட்லி மாவு. அடுத்தது, தரையோடு தரையாக வைத்திருந்த அரிசி மூட்டை.

இருபத்தைந்து ஆண்டு கெடாது என்று டப்பாவில் விற்கும் உலர் உணவுகள் இதற்குத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையைத் தாண்ட மூன்று, நான்கு மாதம் தாங்கினால் போதும். மளிகைக் கடைச் சாமானே அதற்குத் தாங்கும், ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால்.

பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர, பொருளில் அவை உறிஞ்சிக்கொள்ளக் கூடிய தண்ணீர் இருக்க வேண்டும். தூய நீரை 1 என்று வைத்து இதை அளக்கிறார்கள், 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. கடையில் வாங்கும் அரிசியின் எடையில் 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கும். இந்த அளவில் அது பத்திரம். ஆனால் ஐப்பசி அடைமழையில் திறந்த சாக்கில் கிடந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து 16 சதவீதத்தைத் தாண்டிவிடும். பிறகு பூசணம் பிடிக்கத்தான் செய்யும். வெல்லம் மழைக்காலத்தில் கசிவதற்கும் காரணம் இதுதான்: அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஈரத்தை எளிதில் இழுக்கும். இருப்பு வைக்க வெள்ளைச் சர்க்கரையே மேல்.

அரிசி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் அரிசியில் ஈரம் அதிகம். நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் மணி வெடித்துக் குருணையாகும்.

'இறுக்கி மூடின டப்பாவுக்குள்ள வண்டு எப்படி வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. வரவில்லை, ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. பெண் வண்டு அரிசி மணியைக் குடைந்து முட்டையிட்டு, ஓட்டையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்துக்குள் வண்டாக வெளிவரும். அதற்கும் மூச்சு வேண்டும் என்பதுதான் நமக்கு வசதி. துளி ஈரமில்லாமல் காய்ந்த 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் கழுத்துவரை அரிசியைத் தட்டித் தட்டி நிரப்பி மூடுங்கள், ஏறக்குறைய 1.7 கிலோ பிடிக்கும். இடையில் மிஞ்சும் கொஞ்சக் காற்றிலுள்ள ஆக்சிஜனை வண்டுகளே தீர்த்துவிட்டுச் சாகும். பாதி நிரப்பினால் இது நடக்காது. வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும். பயறு வண்டு விதைத் தோலில் முட்டையிடுவது, ஆகவே முழுப் பயறைவிடத் தோல் நீக்கி உடைத்த பருப்பு பிழைக்கும். ஆனால் ஒரு வருடம் தாண்டிய பருப்பு வேகாமல் கேஸைத் தின்னும்.

எண்ணெய்ச் சத்து காற்றுப் பட்டால் காறிப்போகும். கம்பு மாவு சில நாளில் கசப்பதும் கொழுப்பினால்தான்: அரைத்தவுடன் அதன் நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. தானியமாக வையுங்கள், மாவாக வேண்டாம். ரேஷன் பாமாயில் இந்த விஷயத்தில் சூரியகாந்தி எண்ணெயைவிட நிதானமானது, எளிதில் ஆக்சிஜனோடு சேரும் கொழுப்பு அதில் குறைவு.

இனி கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி என்றால் நான்கு பேருக்கு ஐந்து நாளைக்கு 40,000. அரிசி 4 கிலோ, கெட்டி அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை ஒன்றரை கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, எண்ணெய் அரை லிட்டர்: கூட்டினால் சுமார் 41,500 வரும். இதில் அவல், பொட்டுக்கடலை, சர்க்கரை மூன்றும் சேர்ந்தே ஏறக்குறைய பாதி. அதாவது அடுப்பு பற்றவைக்காமல் இரண்டரை நாள் ஓட்டலாம். நெல்லை ஊறவைத்து வறுத்து இடிக்கும்போதே அவலின் மாவுச்சத்து வெந்துவிடுகிறது. அதனால் பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரத்தில் மெத்தென்றாகிறது. புழுங்கலரிசியும் ஒருமுறை வெந்ததுதான், ஆனால் காய்ந்து இறுகிய முழு மணி, மறுபடி உலை கேட்கும். பொட்டுக்கடலை அவலில் குறையும் புரதத்தை ஈடுசெய்கிறது. பிஸ்கட்டை நம்பி இருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பலர் கோட்டை விடுவது தண்ணீரில். குடிக்கவும் ஊறவைக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் வீதம் மொத்தம் 60 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் கேன். வெள்ளத்தில் மூழ்கிய கேனின் வாயை நம்ப முடியாது, ஆகவே அதுவும் உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

புரட்டாசியில் வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து வாங்கி அன்றே அடைத்து, தேதி எழுதிப் பரணில் ஏற்றுங்கள். உப்பு, தீப்பெட்டி, ஒரு கத்தரிக்கோல் கூடவே இருக்கட்டும். தை பிறந்ததும் முதலில் பொட்டுக்கடலையை இறக்கிச் சட்னிக்கு எடுத்துவிடுங்கள், காறல் அதில்தான் சீக்கிரம் தட்டும், அடுத்தது அவல். அரிசி பாட்டில்கள் சித்திரை வரை பரணிலேயே கிடக்கலாம்.