தலைக்கு 13 டாலர்: மொன்டானாவில் வேட்டைக்குத் திறக்கும் பட்டா நிலங்கள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், தனியார் நிலத்தைப் பொதுமக்களின் வேட்டைக்குத் திறக்க மாநிலம் பணம் தரும் 'ப்ளாக் மேனேஜ்மென்ட்' திட்டத்தில் சேர்ந்த பல பண்ணைகளில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பமும் அதில் சின்னப் பெட்டியும் இருக்கும். வேட்டைக்கு வருபவர் பெயர், லைசென்ஸ் எண், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒரு பாதியைப் பெட்டியில் போடுவார், மறுபாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே நடப்பார். சில பண்ணைகளில் சீட்டுக்குப் பதில் பதிவேடு இருக்கும். எதுவானாலும், பண்ணைக்காரருக்கு மாநில வனவிலங்குத் துறை தரும் பணத்துக்கு இதுதான் கணக்கு. 'வேட்டைநாள்' ஒன்றுக்கு 13 டாலர், திட்டத்தில் சேர்ந்ததற்கு 250 டாலர், களை ஒழிப்புக்கு மேற்கொண்டு 5 சதவீதம். ஒருவர் அரை மணி நேரம் சுற்றினாலும் இருட்டும்வரை கிடந்தாலும் அது ஒரே வேட்டைநாள்தான்.

வேட்டை என்றாலே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கைதும் நினைவுக்கு வரும் நமக்கு, அரசே காசு கொடுத்து வேட்டைக்கு இடம் பிடிப்பது விநோதமாகத் தோன்றலாம். அங்கே நிலம் ஒருவருக்குச் சொந்தம், அதில் திரியும் மான் பொதுச் சொத்து. அனுமதியில்லாமல் யாரும் வேலி தாண்ட முடியாது. மலையும் காடும் பெரும்பாலும் அரசிடம் இருந்தாலும், பனி இறங்கியதும் எல்க் மான்கள் தேடி வரும் புல்வெளிப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் பட்டா நிலங்கள். 1985-இல் தொடங்கி 1990-களின் நடுவில் விரிவாக்கப்பட்ட இந்தத் திட்டம் அந்த வேலியைப் பேச்சுவார்த்தையில் திறக்கப் பார்க்கிறது. செலவின் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் பையிலிருந்தே வருகிறது, அதிலும் வெளிமாநிலத்தவர் கட்டும் கூடுதல் லைசென்ஸ் கட்டணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-இல் வாக்காளர்கள் ஏற்ற ஐ-161 முன்மொழிவு அந்தக் கட்டணத்தை உயர்த்தி, ஒரு பகுதியை நில அனுமதிக்கென்றே ஒதுக்கியது.

சிக்கல் கணக்கு போடும் முறையிலேயே இருக்கிறது. ஆள் கூடக்கூடப் பண்ணைக்காரருக்குப் பணம் கூடுகிறது. ஆள் கூடக்கூட எல்க் அந்த இடத்தை விட்டுப் போகிறது.

எல்க் மந்தை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்பதை வெளியாட்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். செப்டம்பரில் வில்வேட்டை தொடங்கியதும் மந்தை சாலையோரத்தைக் கைவிடத் தொடங்கும். அக்டோபர் கடைசியில் ஐந்து வாரத் துப்பாக்கிப் பருவம் திறந்ததும், வேட்டை நடக்காத பண்ணை எதுவோ அங்கே போய்ப் பகலெல்லாம் படுத்துக்கொள்ளும். மேய்ச்சல் இரவுக்கு மாறும். மந்தையை நடத்துவது வயதான பெண் எல்க். கனடாவின் ஆல்பெர்ட்டாவில் காலர் கட்டிக் கவனித்ததில், ஒன்பது பத்து வயதைத் தாண்டிய பெண் எல்க்குகள் வேட்டையில் விழுவது மிக அரிது என்று தெரிந்தது. பாதுகாப்பான இடம் எது என்ற அறிவு அதன் பின்னால் நடக்கும் குட்டிகளுக்கும் போகிறது.

ஒரு பள்ளத்தாக்கில் ஐந்து பண்ணைகள் இருந்து, நான்கு திறந்து ஒன்று மூடியிருந்தால், மொத்த மந்தையும் அந்த ஒன்றில் போய் நிற்கும். திறந்த நான்கிலும் சீட்டு சேரும், எல்க் சிக்காது. பருவம் முடிந்த மறுவாரம் அதே மந்தை இறங்கி வந்து, திறந்துவிட்டவர் சேர்த்து வைத்த உலர்புல் போரைப் பிய்த்துத் தின்னும், கம்பிவேலியை அறுக்கும். யெல்லோஸ்டோனைச் சுற்றிய பகுதியில் இன்னொரு பயமும் உண்டு: குளிர்கால முடிவில் மாட்டு மந்தைக்கு அருகே எல்க் குவிந்தால் புரூசெல்லோசிஸ் தொற்றிப் பசுக்கள் கன்று வீசும்.

ஒரு பண்ணைக்கு ஆண்டுக்குத் தரக்கூடிய உச்ச வரம்பை 2023-இல் 50,000 டாலராக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் 13 டாலர் வீதத்தில் அந்த வரம்பை எட்ட 3,800 வேட்டைநாளுக்கு மேல் வேண்டும், அத்தனை பேர் மிதித்த நிலத்தில் எல்க் எங்கே இருக்கும்? மூடிவைத்திருக்கும் அந்த ஐந்தாவது பண்ணையின் உரிமையாளருக்கோ, பல சமயம் இந்தப் பணமே தேவையில்லை. மேய்ச்சலை நம்பாமல் காட்சிக்காக நிலம் வாங்கியவரிடம் 13 டாலரைக் காட்டிப் பேச முடியாது. இந்த ஓட்டையைப் பணத்தால் அடைக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கேன்சஸ் வேறு வழியில் போகிறது. நிலத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் தனியாரிடம் உள்ள அந்த மாநிலம், 1995-இல் தொடங்கிய தன் திட்டத்தில் ஏக்கர் கணக்கில் நில உரிமையாளருக்குக் குத்தகைப் பணம் தருகிறது. எத்தனை பேர் வந்தாலும் தொகை மாறாது, ஆகவே கூட்டம் சேர்க்கும் தூண்டுதலும் இல்லை. காடை, ஃபெசன்ட் போன்ற பறவை வேட்டைக்கு அது பொருந்துகிறது, நாள் முழுவதும் மலையேறித் தேட வேண்டிய எல்க் வேட்டைக்கு அப்படியே பொருந்துமா என்பது தனி வாதம்.

மொன்டானா முறைக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. வண்டியை எல்லையிலேயே நிறுத்தச் சொல்வது முதல் வேலை. உள்சாலையில் ஒரு பிக்கப் ஓடினாலே மந்தை மேடு தாண்டிவிடும். வண்டி நிறுத்துமிடத்தை மேய்ச்சல் வெளி கண்ணில் படாத நில மடிப்பில் வைக்க வேண்டும், இல்லையென்றால் கதவு சாத்தும் சத்தமே போதும். அடுத்தது, முதல்வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறுவது. முதல்வகையில் வருபவர் தானே சீட்டு எழுதிக்கொள்கிறார். இரண்டாம் வகையில் உரிமையாளரிடமோ துறையிடமோ முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைக்கலாம். வேட்டைநாள் குறையும், வருமானமும் குறையும், மந்தை தங்கும். எதைச் செய்தாலும் அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து, ஒரே தேதியில் செய்தால்தான் பலன்.

பண்ணைக்காரர்கள் விலகுவதற்குப் பெரும்பாலும் சில்லறைக் காரணங்களே போதும். மாடு அடைத்த கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது, டயரில் ஒட்டி வரும் நாப்வீட், லீஃபி ஸ்பர்ஜ் களை விதைகள். எல்லாவற்றுக்கும் மேல் 'கம்போ' மண். ஈரமானால் பசைபோலாகிவிடும் களிமண் அது. விடியலில் உறைந்து கல்லாக இருக்கும் சாலையில் உள்ளே போனவர், மதியம் இளகியதும் திரும்பினால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும், அதைச் சமப்படுத்தும் செலவு பல வேட்டைநாள் பணத்தை விழுங்கிவிடும். உறையும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது எல்லையிலிருந்தே நடக்க வேண்டும்.

அமெரிக்க ஒன்றிய அரசின் பணமும் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வாங்கி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, செலவில் நான்கில் மூன்று பங்கு வரை அதிலிருந்து எடுக்கலாம். தனியார் நிலத்தில் பொது அனுமதிக்கென்றே உள்ள 'வி.பி.ஏ.-ஹிப்' என்ற ஒன்றிய மானியம் 2014 பண்ணைச் சட்டத்தில் 4 கோடி டாலர், 2018-இல் 5 கோடி டாலர், அதுவும் நாடு முழுமைக்கும் சேர்த்துப் பல ஆண்டுகளுக்கு. அதை நம்பிப் பல ஆண்டு ஒப்பந்தம் போட்ட மாநிலம், அடுத்த சட்டம் தாமதமானால் நடுவழியில் நிற்கும்.

ஆகவே வேட்டைக்குப் போகிறவர், எதுவும் கண்ணில் படாமல் திரும்பினாலும் சீட்டை எழுதிப் போட வேண்டும். எழுதாத சீட்டுக்குப் பண்ணைக்காரருக்குப் பணம் கிடையாது. அந்த மலையில் எத்தனை பேர் மிதித்தார்கள் என்ற துறையின் கணக்கும் அதோடு தப்பாகும். இரண்டாம் வகை நிலத்தில் இடம் பிடித்துவிட்டுப் போக முடியாவிட்டால், முந்தைய நாளே ரத்து செய்துவிடுங்கள். காத்திருப்பவர் ஒருவர் அந்த இடத்தில் போவார்.