நாலு மொழியையும் ஒரே திரையில் வையுங்கள்

எங்கள் ஸ்கிரீன்ஷாட் சோதனைகள் மாதக்கணக்கில் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பட்டனையும் படிவத்தையும் தமிழிலும் படமெடுத்து ஒப்பிடுகிறோம் என்று பெருமை வேறு. ஒருநாள் வேறெதையோ தேடப்போய் அந்தப் படங்களில் ஒன்றைத் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, வரிசையாக வெறும் கட்டங்கள். சோதனை ஓடும் லினக்ஸ் கண்டெய்னரில் (நிரல் ஓட ஒதுக்கிய தனிச் சூழல்) தமிழ் எழுத்துருவே நிறுவப்படவில்லை. முதல் நாள் எடுத்த படத்திலும் கட்டம், அன்றைய படத்திலும் அதே கட்டம். இரண்டும் ஒத்துப்போனதால் சோதனை தேர்ச்சி!

கணினி பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் யாரும் பார்க்காமல் விட்டதுதான் தவறு. அதற்கும் முன்பே, திரையின் துண்டுகளான காம்பொனென்ட்களைத் தனித்தனியாகப் பார்க்க உதவும் ஸ்டோரிபுக் என்ற கருவியின் மேல்பட்டையில் மொழித் தேர்வுப் பட்டியல் ஒன்று வைத்திருந்தோம். தேர்ந்தெடுத்த மொழியை டெக்கரேட்டர் (காம்பொனென்ட்டைச் சுற்றி வைக்கும் உறை நிரல்) வழியாக, மொழிபெயர்ப்பைக் கையாளும் ஐ18நெக்ஸ்ட் நூலகத்துக்குக் கொடுத்தால் காம்பொனென்ட் அந்த மொழியில் வந்து நிற்கும். அரைநாள் வேலைதான். ஆனால் அந்தப் பட்டியலை யாரும் தொடவில்லை. வேலை மும்முரத்தில் நானும் தொடவில்லை.

அதனால் இப்போது ஒரே ஸ்டோரியில், அதாவது காம்பொனென்ட்டைக் காட்டும் ஒரே பக்கத்தில், நாலு மொழிகளை நாலு பத்தியாக (நெடுவரிசையாக) அருகருகே வைக்கிறேன்: ஜெர்மன், அரபி, ஜப்பான், தமிழ். நாலும் நாலு விதமாக வடிவமைப்பை உடைக்கும் என்பதுதான் காரணம். ஜெர்மன் சொற்கள் இடைவெளியே இல்லாமல் நீளும். அரபி வலமிருந்து இடமாக ஓடும். ஜப்பானில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, வரி எங்கே மடியும் என்று ஊகிக்க முடியாது. தமிழுக்குப் பிறகு வருகிறேன். ஒவ்வொரு பத்திக்கும் தனி ஐ18நெக்ஸ்ட் இன்ஸ்டன்ஸ் (பிரதி) வேண்டும்; பொதுவான ஒன்றை வைத்தால் நாலும் ஒரே மொழிக்கு மாறிவிடும். லாங் (மொழி), டிர் (எழுத்து ஓடும் திசை) என்ற இரண்டு ஹெச்டிஎம்எல் பண்புகளையும் ஒவ்வொரு பத்திக்கும் கொடுக்க மறக்காதீர்கள். ஒரு விதிவிலக்கு: பாப்அப் பெட்டிகள் பெரும்பாலும் போர்ட்டல் வழியாகத் தம் இடத்தை விட்டு, நேரே பக்கத்தின் பாடி உறுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பத்திக்குக் கொடுத்த டிர் அங்கே எட்டாது. அவற்றை மட்டும் மொழிக்கொரு முறை தனியாக, ஹெச்டிஎம்எல் உறுப்பிலேயே டிர் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் அவதார் காம்பொனென்ட் எல்லோரிடமும் உண்டு. ‘கோமதி’ என்ற பெயருக்கு அது ‘க’ என்று காட்டும், ‘செல்வி’க்கு ‘ச’. ஏனென்றால் யூனிகோடில் ‘கோ’ என்பது ‘க’வும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஜாவாஸ்கிரிப்ட் நீளம் 5 என்கிறது. நாலு குறியீட்டோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை தீரும். 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்டதால் இனி சாக்கு இல்லை.

அடுத்தது வாக்கியம். ஆங்கிலத்தில் ‘நீக்கு’ என்பதற்கான சொல்லை எழுதி, பின்னால் பொருளின் பெயரை ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழில் பெயர் முன்னால் வர வேண்டும், அதுவும் உருபோடு: கோப்பை நீக்கு, படத்தை நீக்கு. ஒட்டுப்போட்ட நிரலில் ‘கோப்புஐ’, ‘படம்ஐ’ என்று பல்லிளிக்கும். பொருள் வகைக்கு ஒரு முழு வாக்கியம் என்று தனித்தனியாக மொழிபெயர்க்கக் கொடுங்கள். பயனர் வைத்த பெயராக இருந்தால் ‘இன்ன பெயர் என்ற கோப்பை நீக்கு’ என்று எழுதித் தப்பிக்கலாம். இதை மொழிபெயர்ப்பாளர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டால், அவர் கைக்கு வரும்போது நிரல் கெட்டிப்பட்டிருக்கும்.

எண்ணிக்கையைக் காட்டும் காம்பொனென்ட் என்றால் 0, 1, 2, 3, 11, 100 ஆகிய ஆறையும் ஸ்டோரியில் வையுங்கள். ஒருமை, பன்மை என்று தமிழுக்கு இரண்டு வடிவம் போதும், ஜப்பானுக்கு ஒன்றே ஒன்று, அரபிக்கு ஆறு. மேலே சொன்ன ஆறு எண்களும் அந்த ஆறையும் தொட்டுவிடும்.

‘மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லையே, எதை வைத்துப் பார்ப்பது?’ என்று கேட்பார்கள். அதற்குத்தான் போலி மொழிபெயர்ப்பு. எழுத்துகளின் மேல் குறிகளைப் போட்டு, சொற்களை இழுத்து நீட்டி, இருபுறமும் அடைப்புக்குறி வைப்பது. ஆண்ட்ராய்டில் இதற்கென்றே போலி வட்டாரங்கள் (மொழி அமைப்புகள்) இருக்கின்றன. வலமிருந்து இடம் ஓடுவதும் அதில் உண்டு. எவ்வளவு நீட்டுவது? இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி மேற்கோள் காட்டும் ஐபிஎம் வழிகாட்டியில், 10 எழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல் மொழிபெயர்த்தால் சராசரியாக மூல நீளத்தில் 200 முதல் 300 சதவீதமாக விரியும் என்றும், 70 எழுத்தைத் தாண்டிய வாக்கியத்துக்கு 130 போதும் என்றும் இருக்கிறது. அதாவது அடிவாங்குவது பட்டன்களும் தாவல்களும்தான், பத்திகள் அல்ல. ஆனால் போலியில் துணைக்குறிச் சிக்கல் எதுவும் தெரியாது. அதனால் பார்ப்பதற்கு மட்டும் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியீட்டுக்கு அதை அனுப்பாதவரை.

இன்னொன்று: விடுபட்ட சொல்லுக்கு ஆங்கிலத்தைக் காட்டும் வசதியை ஸ்டோரிபுக்கில் மட்டும் அணைத்துவையுங்கள். விடுபட்டது விடுபட்டதாகவே கண்ணை உறுத்தட்டும்.

அந்தக் கண்டெய்னரில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, எல்லாப் படங்களையும் புதிதாக எடுத்தோம். இந்தமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தோம். முதல் பட்டனிலேயே ‘அனுப்பு’ என்பதன் ‘னு’வும் ‘பு’வும் அடிப்பகுதி வெட்டுப்பட்டு நின்றன. வரி உயரம் 1.2, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் வரி. ஆங்கிலத்துக்குப் பொருத்தமாக யாரோ என்றோ எழுதியது. உயரத்தை 1.5 ஆக்கினோம், பட்டன் சற்றுப் பெருத்தது. வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். அவருக்கும் படத்தைக் காட்டினோம்.