விபூதி போட்டுத் தேய்த்த தெனாரியஸ்

தாத்தா காலத்தில் கரூர் அமராவதி மணலில் கிடைத்தது என்று சொல்லி ஒரு பெரியவர் என்னிடம் நீட்டிய வெள்ளிக்காசு பளபளவென்று மின்னியது. "பூஜை ரூம்லதான் இருக்கும் சார். லட்சுமி உட்காந்திருக்கா பாருங்க. வெள்ளிக்கிழமை தவறாம விபூதி போட்டுத் தேய்ச்சிருவோம்." பழங்காசுப் பாதுகாப்புதான் என் தொழில். அந்த மினுமினுப்பைப் பார்த்ததுமே வயிறு கலங்கிவிட்டது.

அவர் சொன்னதில் பாதி சரி. உட்கார்ந்திருப்பவள் தெய்வப் பெண்தான். ஆனால் கையில் தாமரை இல்லை, ஆலிவ் கிளை. ரோமானியப் பேரரசர் திபேரியஸ் (கி.பி. 14–37) வெளியிட்ட தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு அது. அவளை அமைதித் தெய்வம் பாக்ஸ் என்பார்கள். பேரரசரின் தாய் லிவியாவே அந்தக் கோலத்தில் இருக்கிறாள் என்போரும் உண்டு. தமிழகத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே அதிகம்.

சங்கு சக்கரம் பார்த்துப் பெருமாள் என்கிறோமே, ரோமானியத் தெய்வங்களை அடையாளம் காண்பதிலும் அதே கணக்குதான். சுக்கான் பிடித்திருந்தால் அதிர்ஷ்ட தேவதை ஃபோர்ச்சூனா. பாம்புக்கு உணவூட்டினால் நலம் காக்கும் சாலுஸ். பக்கத்தில் மயில் நின்றால் தேவராணி ஜூனோ. தராசு ஏந்தியவள் நேர்மைத் தெய்வம் ஈக்விடாஸாகவோ நாணயத் தெய்வம் மொனேட்டாவாகவோ இருக்கலாம். அதனால் காசில் உள்ள எழுத்தையும் படித்தாக வேண்டும். (ரோமின் நாணயச்சாலை ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி இருந்தது. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'மணி' அவள் பெயரிலிருந்து வந்ததுதான்.) சுமார் 18 மில்லிமீட்டர் காசில் இந்தச் சுக்கானும் கிளையும் கீறல் அளவுதான் இருக்கும். தேய்த்தால் மேடான இடங்கள்தான் முதலில் போகும்: மூக்கு, முழங்கால், கை.

பழைய வெள்ளிக்காசில் படியும் கறுப்பு அழுக்கில்லை. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அதைச் சுரண்டும்போது வெள்ளியும் கூடவே வருகிறது. திபேரியஸ் காசு நல்ல நிலையில் 3.7 கிராம் வரை நிற்கும், பெரியவருடையது 3.1. போலியைக் கண்டுபிடிக்க எடையும் ஒரு சாட்சி, அதையும் சேர்த்துத்தான் தேய்த்திருக்கிறார்கள். புளி, பற்பசை, நகைக்கடை வெள்ளித் திரவம் எதுவும் வேண்டாம். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை கொண்டது, வளைந்திருந்தால் நிமிர்த்தவும் கூடாது. பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாமல் அமிலமில்லாத காகிதத்தில் மடித்து வையுங்கள்.

இனி மண்ணுக்குள் புதைந்த காசு ஏதாவது கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

எல்லாம் கேட்டுத் தலையாட்டிய பெரியவர், காசை வாங்கியதும் வேட்டி முனையில் வைத்து ஒரு தேய் தேய்க்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.