இமேஜ் இறங்கியது, விண்டோஸ் ஏன் எழவில்லை?

நூறு கணினிகளில் தனித்தனியாக விண்டோஸ் நிறுவ யாருக்கும் பொறுமை இருக்காது. ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி, அதை இமேஜாக (முழு நிறுவலின் நகலாக) எடுத்து மற்றவற்றில் இறக்குவார்கள். பழைய மாடல்களில் ஒழுங்காக ஓடும். புதிதாக வந்த லேப்டாப்பில் மட்டும் லோகோ தெரிந்த சில நொடிகளில் நீலத்திரை: 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'. டிஸ்க்கைக் காணோமாம். அந்த டிஸ்க்கிலிருந்துதானே இவ்வளவு தூரம் வந்தது?

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டிலுள்ள யூஇஎஃப்ஐ (பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்லப்படும் தொடக்க மென்பொருள்), விண்டோஸின் பூட் மேனேஜரை எழுப்புகிறது. அது எதை எங்கிருந்து பூட் செய்வது என்று குறித்து வைத்திருக்கும் பிசிடி கோப்பைப் பார்த்து, வின்லோட் என்ற ஏற்றியை அழைக்கிறது; வின்லோட் விண்டோஸின் மையமான கர்னலையும், வன்பொருளோடு பேசும் தொடக்க டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இதுவரை டிஸ்க்கைப் படித்துக் கொடுத்ததெல்லாம் யூஇஎஃப்ஐ. கர்னல் பொறுப்பேற்றதும் அந்த உதவி நின்றுவிடும். இனி விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் டிஸ்க்கைத் தொட முடியும். அது இமேஜில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அமைப்பு பயாஸில் ஆன் செய்யப்பட்டே வருகிறது. அப்போது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விண்டோஸோடு வரும் சாதாரண என்விஎம்இ டிரைவருக்கு அது தெரியாது. சோதனைக்கு விஎம்டியை அணைத்துப் பாருங்கள். பூட் ஆனால் நோய் தெரிந்துவிட்டது.

"டிரைவர் இல்லாமலா இமேஜ் இறங்கியது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இமேஜை இறக்கியது விண்டோஸ் பிஇ. அது நிறுவல் வேலைகளுக்கான சிறிய, தனி விண்டோஸ். அதில் இருக்கும் டிரைவர் இமேஜுக்குள் தானாக வராது. விண்டோஸ் இமேஜ்களைத் திருத்தும் டிஸ்ம் கருவியால் இமேஜை மவுன்ட் செய்து (ஒரு ஃபோல்டர்போலத் திறந்து), டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பைச் சேர்க்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் இன்ஸ்டாலரை டிஸ்ம் ஏற்காது, முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

கர்னல் வரை போகாமலே '0xc000000e' போன்ற பிழை வந்தால் டிரைவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது பெரும்பாலும் பிசிடி சிக்கல்: விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் இறக்கிவிட்டு, பூட் கோப்புகளை அவற்றுக்கென உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனில் எழுத மறந்திருப்பார்கள். பிஇ-யில் பூட் செய்து அந்தக் கோப்புகளை எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.