கடை கை மாறினால் பழைய ஆட்களை அனுப்பிவிடலாமா?

கலிபோர்னியாவில் கடை, ஹோட்டல் வாங்குபவர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது என் தொழில். போன வருடம் ஒரு சூப்பர்மார்க்கெட்டை வாங்க வந்தவர், கையெழுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேட்டார்: "இருக்கிறவர்களை அனுப்பிவிட்டு என் ஆட்களைப் போட்டுக்கொள்ளலாம்தானே சார்? உள்ளூர் விதி எதுவும் நாடு முழுவதற்குமான ஃபெடரல் சட்டத்துக்கு முன்னால் நிற்காதாமே?"

நிற்கும். நிறையப் பேர் இதில்தான் தவறுகிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு வேர், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பர்ன்ஸ் வழக்கு. புது முதலாளி பழைய ஆட்களை எடுத்தே ஆக வேண்டும் என்று ஃபெடரல் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றது அது. ஆனால் எடுத்த ஆட்களில் பாதிக்கு மேல் பழையவர்கள் என்றால், அவர்களுடைய தொழிற்சங்கத்தோடு சம்பளம், வேலை நிபந்தனை பற்றிப் பேசியாக வேண்டும். அதனால்தான் சில முதலாளிகளுக்குப் பழைய ஆட்கள் என்றாலே பயம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் 2005இல் ஒரு விதி கொண்டுவந்தது. 15,000 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள மளிகைக் கடை கை மாறினால், குறைந்தது ஆறு மாதம் வேலை செய்த ஊழியர்களின் பட்டியலிலிருந்துதான் முதல் 90 நாளும் ஆள் எடுக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. குறைவான ஆட்களே போதும் என்றால் சீனியாரிட்டிப்படி. கடைக்காரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் விதியைத் தள்ளிவிட்டன. 2011இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

காரணம் எளிது. ஃபெடரல் சட்டம் கவனிப்பது தொழிற்சங்கமும் முதலாளியும் பேரம் பேசும் முறையை. குறைந்தபட்சக் கூலி போல, வேலைக்கு ஓர் அடிப்படைப் பாதுகாப்பை மாநிலமோ நகரமோ வைப்பதை அது தடுக்கவில்லை. ஒன்றைக் கட்டாயப்படுத்தாமல் விட்டதாலேயே, வேறு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆகிவிடாது. இதே மாதிரியான வாஷிங்டன் நகரச் சட்டத்துக்கு 1995இலும், பிராவிடன்ஸ் ஹோட்டல் விதிக்கு 2011இலும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதே பக்கம்தான் நின்றன.

சரி, பாதிக்கு மேல் பழையவர்களா, தொழிற்சங்கத்தோடு பேச வேண்டுமா என்ற கணக்கு 90 நாள் முடிந்த பிறகுதானே? அதுவும் இல்லை. நியூயார்க்கில் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் இதே மாதிரி ஒரு விதி உண்டு. அது சம்பந்தப்பட்ட வழக்கில் 2015இல், ஃபெடரல் தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சொன்னது: தொழிலைக் கையில் எடுத்துப் பழைய ஆட்களை வேலைக்கு வைத்த அன்றே கணக்கு தொடங்கிவிடும்.

இப்போது கலிபோர்னியா முழுவதற்கும் மளிகைக் கடைகளுக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. வாங்குபவர்கள் விலை பேசும்போதே அந்த 90 நாள் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வேலை செய்பவர்கள், கடை விற்கப்போகிறது என்று தெரிந்ததும் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.