சின்ன நாயின் முன்னங்கால் முறிவு: மாவுக்கட்டு ஏன் பல நேரம் போதாது?

சோஃபாவிலிருந்து ஒரு குதி. இல்லையென்றால் தூக்கி வைத்திருந்த பிள்ளையின் கையிலிருந்து ஒரு நழுவல். பொமரேனியன், சிவாவா, டாய் பூடில், மினியேச்சர் பின்ஷர் போன்ற நாய்களுக்கு முன்னங்கால் முறிய இவ்வளவே போதும், வண்டி மோத வேண்டியதில்லை. முறியும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்புகளும் சேர்ந்தே முறியும்.

முறிந்த காலை நாய் தரையில் ஊன்றாது. மணிக்கட்டுக்கு மேலே புதிதாக ஒரு மூட்டு முளைத்தது போலப் பாதம் தொங்கி ஆடும். அதைப் பிடித்து நேராக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். அந்த இடத்தில் எலும்பின் மேல் தசை கிடையாது, மெல்லிய தோல் மட்டும்தான். உள்ளே இருக்கும் கூரான முனை தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், அதுவரை சாதாரண முறிவாக இருந்தது கிருமி புகுந்த முறிவாகிவிடும். ஸ்கேலை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். கட்டு நழுவி முறிந்த இடத்திலேயே நின்றால், அதன் எடையே காலை இன்னும் வளைக்கும். நாயை ஒரு துண்டில் படுக்க வைத்து, அசைய இடமில்லாத அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். காயம் திறந்திருந்தால் சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள்; மஞ்சள், பவுடர் எதுவும் தூவ வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் எதையும் ஊட்டாதீர்கள். வலியில் வீட்டு நாயும் கடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றை 2.5 கிலோ நாய்க்குக் கொடுத்தால், கிலோவுக்கு 200 மி.கி. ஆகிறது. ஈரலைக் கெடுக்கவும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்யவும் அது போதுமான அளவு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். நாய்களுக்குப் பயன்படும் வலி மருந்தான மெலாக்சிகாம்கூட முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாள் முதல் 0.1 மி.கி. என்று எடை போட்டுக் கொடுக்கும் மருந்து.

எக்ஸ்ரே இரண்டு கோணங்களில் வேண்டும், மேல் மூட்டும் கீழ் மூட்டும் படத்தில் விழ வேண்டும். ஒரு கோணத்தில் மட்டும் எடுத்தால், நகர்ந்துபோன எலும்பு ஒட்டியிருப்பது போலவே தெரியும். வண்டி மோதியிருந்தால் காலுக்கு முன்னால் நெஞ்சையும் சிறுநீர்ப்பையையும் பார்ப்போம். கால் பல மணி நேரம் காத்திருக்கும். நுரையீரலுக்கு அந்தப் பொறுமை இல்லை.

படத்தைப் பார்த்ததும் வரும் கேள்வி எங்களுக்கு மனப்பாடம்: "சின்னக் கால்தானே டாக்டர், மாவுக்கட்டு போட்டா ஆகாதா?" கால் சின்னதாக இருப்பதுதான் பிரச்சினையே. இந்த நாய்களில் ரேடியஸின் கீழ்முனைக்கு ரத்த ஓட்டம் பெரிய நாய்களைவிடக் குறைவு. சுற்றித் தசை இல்லாததால் வெளியிலிருந்தும் புது ரத்தக்குழாய்கள் எளிதில் வந்து சேராது. எலும்பு பென்சிலைவிட மெலிது. முறிந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் பரப்பே சில மில்லிமீட்டர்தான். வெளியே எவ்வளவு இறுக்கமாகக் கட்டினாலும் உள்ளே கொஞ்சம் அசையும், அந்த அசைவே ஒட்டவிடாமல் செய்யும். பல வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் கால் வளைந்திருக்கும், அல்லது ஒட்டாமலே எலும்பு முனைகள் கரைந்து கூராகியிருக்கும். அதன்பின் செய்யும் அறுவை சிகிச்சை முதலில் செய்திருக்க வேண்டியதைவிடக் கடினம்.

அதனால் வளர்ந்த சின்ன நாய்க்கு மெல்லிய பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பதையே பரிந்துரைக்கிறோம். ஸ்க்ரூவின் விட்டம் எலும்பின் அகலத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 4 மி.மீ. எலும்பில் 1.5 மி.மீ. ஸ்க்ரூ சரி; 2 மி.மீ. போட்டால் பாதி எலும்பைத் துளைத்ததாகும், அந்தத் துளை வழியே மறுபடி முறியும். இதற்கான சிறிய கருவிகள் எல்லா இடத்திலும் இருக்காது. இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாவுக்கட்டு முற்றிலும் வீண் என்று சொல்லவில்லை. முழுதாக உடையாமல் பச்சைக் குச்சி போல ஒரு பக்கம் மட்டும் விரிசல் விட்ட குட்டி நாய்க்கு அது நன்றாகவே வேலை செய்யும். தொடை எலும்புக்கும் மேற்கை எலும்புக்கும் மட்டும் ஒருபோதும் உதவாது, ஏனென்றால் இடுப்பையும் தோளையும் கட்டுக்குள் நிறுத்த முடியாது.

கட்டு போட்ட காலில் நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரியும்படி விடுவோம். அழகுக்காக அல்ல, நீங்கள் பார்ப்பதற்காக. காலையும் மாலையும் அந்த இரண்டு நகங்களும் நெருங்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். விலகி விரிந்திருந்தால் உள்ளே வீங்குகிறது என்று அர்த்தம். தொட்டால் சில்லென்றிருப்பது, கெட்ட வாடை, திடீரென்று கட்டைக் கடிப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே அழைத்து வாருங்கள். வெளியே போகும்போது பிளாஸ்டிக் பை போட்டால், வீடு திரும்பியதும் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் உள்ளே வேர்த்துத் தோல் ஊறிவிடும். வளரும் குட்டிக்கு வாரம் ஒரு முறை கட்டு மாற்ற வேண்டும்.

பிளேட் வைத்த நாய் சில நாளிலேயே காலை ஊன்றும், இரண்டாவது வாரம் ஓடப் பார்க்கும். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்து கூண்டைத் திறந்துவிடுவது அப்போதுதான். எலும்போ இன்னும் ஒட்டியிருக்காது, எடையைத் தாங்குவது உலோகம் மட்டுமே. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதுபோல, பிளேட்டும் ஒடியும். 4 வாரத்திலும் 8 வாரத்திலும் எக்ஸ்ரே எடுத்து, படம் சரி என்று சொல்லும் வரை எழுந்து நின்று திரும்பும் அளவுள்ள கூண்டுதான் வீடு. மலசலத்துக்கு மட்டும் கயிறு போட்டு ஐந்து நிமிடம். படி, சோஃபா, வழுக்கும் டைல்ஸ் மூன்றும் கூடாது. தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள் வரை கழுத்துக் கூம்பு கழுத்திலேயே இருக்கட்டும். பாவம் பார்த்துக் கழற்றிய ஒரு ராத்திரியில் தையல் அத்தனையும் நக்கிப் பிரிந்துவிடும். நன்றாக ஊன்றி நடந்த நாய் மறுபடி காலைத் தூக்கினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

கால்சியம் மருந்தை அதிகமாக ஊற்றினால் எலும்பு வேகமாக ஒட்டாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கெடுதல், ஏனென்றால் மிஞ்சியதை உறிஞ்சாமல் தடுக்கும் திறன் அவற்றின் குடலுக்கு இன்னும் வந்திருக்காது. வெறும் இறைச்சியும் சோறும் தின்று வளர்ந்த குட்டியின் கதை வேறு. அதன் எலும்பு எக்ஸ்ரேயில் கண்ணாடி போல மெலிந்து தெரியும், பிளேட்டே பிடிக்காது. அங்கே முதல் சிகிச்சை முழுமையான குட்டித் தீவனம்தான்.

குட்டி விழுந்து, எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொல்லப்பட்டாலும் 3 அல்லது 4 வாரம் கழித்து ஒரு முறை மறுபடி காட்டுங்கள். அல்னாவின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் இடம், நசுங்கியிருந்தால் அன்றைய படத்தில் தெரியாது. அல்னா வளராமல் நிற்க, ரேடியஸ் மட்டும் வளர்ந்து வில் போல வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.