சுவரில் சான்றிதழ் இருக்கிறது, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர்கள் சிலர் தம்பு செட்டித் தெருவில் உள்ள என் அலுவலகத்துக்கு வருவதுண்டு. மருந்தாளுநர்களின் பெயர்ப் பதிவேட்டைப் பராமரிக்கும் மாநில மருந்தியல் கவுன்சிலின் தேர்தலில் வேட்புமனு தள்ளுபடியாகிவிட்டால், "நாளைக்கே ஸ்டே வாங்கித் தாருங்கள் சார்" என்றபடிதான் படியேறுவார்கள். உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம்தான். ஆனால் தடையாணை எளிதில் கிடைக்காது.

நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவரின் வழக்கில், தேர்தல் தொடங்கிய பிறகு நீதிமன்றம் இடையில் குறுக்கிடக் கூடாது, குறையிருந்தால் முடிவுக்குப் பின் தேர்தல் வழக்காகத் தொடுக்க வேண்டும் என்று 1952-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சட்டமன்றத் தேர்தலைப் பற்றியது. ஆயினும் கவுன்சில் தேர்தல்களிலும் நீதிபதிகள் பெரும்பாலும் அதே வழியில்தான் செல்கிறார்கள். 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம், தேர்தல் தகராறை மாநில அரசிடம் கொண்டுபோகச் சொல்கிறது; அரசின் முடிவே இறுதி என்கிறது. (அப்படி எழுதியிருந்தாலும், அந்த முடிவை அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் ஆராயலாம்.)

எனவே மனுப் பரிசீலனை மேசைதான் உண்மையான களம். பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தங்களுக்குள்ளிருந்து 6 பேரைக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பதே அடிப்படைத் தகுதி. புதுப்பிப்புக் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டாதவரின் பெயரைப் பதிவாளர் நீக்க வேண்டும் என்பது சட்டம். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ் பல வருடங்களாகத் தொங்கலாம். பெயர் நீங்கிவிட்டால் அதைக் காட்டி வாதாட முடியாது. மீண்டும் சேர்க்க வழி உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தபின் அலைந்தால் நாள் போதாது.

ஒருவர் கொண்டுவந்த நிராகரிப்பு ஆணையில் 'தகுதியில்லை' என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு கையொப்பமும் மட்டுமே இருந்தன. எந்த விதிப்படி, எந்தத் தேதியில், எந்த ஆவணம் குறை? ஒன்றுமே இல்லை. வருடக்கணக்காகத் தொழில் செய்தவரை இப்படித் திருப்பி அனுப்புவது அநியாயம். காரணம் சொல்லாத ஆணை சட்டத்தின் முன் பலவீனமானது. அங்கேயே எழுத்தில் காரணம் கேளுங்கள். கட்டண ரசீது நகலுடன் ஆட்சேப மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

எதிர் வேட்பாளருக்குத் தகுதியில்லை என்று தெரிந்தாலும் அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர் வெற்றி பெறும் வரை பேசாமலிருந்துவிட்டு வழக்குத் தொடுத்தால், பரிசீலனை நாளில் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார்.